கூடத்தில் மாட்டியிருக்கும் ஒட்டகப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. மணல்வெளி, ஒட்டகங்கள், ஒட்டகங்கள் மேல் ஐரோப்பிய ஆட்கள், தரையில் உள்ளூர்க்காரர்கள், பின்னால் பிரமிடு. வருகிறவர்களிடம் 'ஆப்பிரிக்கச் சின்னம்' என்று நான் காட்டுவது அந்தப் பிரமிடைத்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவார்கள். ஐந்து வருடமாக ஒரே பதில்களைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். இனி கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டு நான் காபி போடப் போகலாம்.

இது என்ன படம்? உங்கள் தாத்தா எடுத்ததா?

இல்லை. எங்கள் தாத்தா ராமேஸ்வரத்தைத் தாண்டியதில்லை.

1862 மார்ச் 5 அன்று எகிப்தில், கீசா பிரமிடுகளுக்கு முன்னால் எடுத்தது. எடுத்தவர் பிரான்சிஸ் பெட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர். எடுக்கப்பட்டவர் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் ஆல்பர்ட் எட்வர்ட், வேல்ஸ் இளவரசர். நாற்பது வருடம் கழித்து ஏழாம் எட்வர்ட் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தாரே, அவர்தான். வீட்டில் கூப்பிடும் பெயர் பெர்ட்டி. அன்றைக்கு அவருக்கு வயது 20.

அரச குடும்பத்தின் சுற்றுப்பயணம் ஒன்றில் அதிகாரபூர்வமாகப் புகைப்படக்காரர் ஒருவரைக் கூடவே அழைத்துப்போனது இதுதான் முதல் தடவை. இன்றைக்கு ஒரு மந்திரி கால்வாய்ப் பாலத்தைத் திறந்து வைத்தாலே பத்து கேமரா நிற்கிறது. அந்த வழக்கத்தின் கொள்ளுத்தாத்தா என்று இந்தப் படத்தைச் சொல்லலாம்.

இதில் எது இளவரசர்?

ஒட்டகத்தின் மேல் இருப்பவர்களில் ஒருவர். பெரும்பாலானவர்கள் இரண்டு தடவை பார்த்தும் கண்டுபிடிப்பதில்லை. ஆட்கள் சின்னதாக இருக்கிறார்கள், முகம் கடுகளவு. பெட்ஃபோர்டுக்குக் கட்டடமும் நிலக்காட்சியும்தான் கை வந்த கலை. கட்டடக் கலைஞர் ஒருவரின் மகன், புகைப்படத்துக்கு வருமுன் கல்லச்சில் கட்டடப் படங்கள் போட்டவர். அவர் கண் முதலில் கல்லைத்தான் பார்க்கும். அந்தப் பயணத்தில் அவர் எடுத்தவற்றில் இளவரசர் இருக்கிற படங்கள் மிகச் சிலவே. மீதி எல்லாம் கோயில், மசூதி, கோட்டை, மலை.

என்னைக் கேட்டால் படத்துக்கு அதுதான் பலம். முகத்தைப் பெரிதாக எடுத்திருந்தால் இன்னொரு அரசகுடும்பப் படமாகப் போயிருக்கும், நானும் மாட்டியிருக்க மாட்டேன்.

இருபது வயதுப் பையன் எதற்காக எகிப்து போனார்?

அப்பாவின் ஏற்பாடு. ஆல்பர்ட் இளவரசருக்குத் தன் மகனின் படிப்பு மேல் பெரிய கவலை. பையன் புத்தகத்தில் உட்காரவில்லை, பயணத்திலாவது கற்றுக்கொள்ளட்டும் என்று எகிப்து, பாலஸ்தீனம், சிரியா, துருக்கி, கிரீஸ் என்று நீண்ட பட்டியல் போட்டார். இதற்கு நடுவில் 1861-ல் அயர்லாந்தில் ராணுவப் பயிற்சி முகாமில் இருந்தபோது பையனுக்கு ஒரு நடிகையோடு தொடர்பு என்று செய்தி வந்தது. நவம்பரில் ஆல்பர்ட் கேம்பிரிட்ஜுக்கே போய் மகனோடு பேசிவிட்டு வந்தார். வந்தவர் படுத்த படுக்கையாகி டிசம்பர் 14 அன்று இறந்துபோனார். மகனால்தான் கணவர் போனார் என்று மகாராணி கடைசிவரை மனதில் வைத்திருந்தார்.

ஆனாலும் பயணத்தை நிறுத்தவில்லை. 'அவர் போட்ட ஏற்பாடு, அது நடந்தே ஆக வேண்டும்' என்ற பிடிவாதம். மகன் கண்ணெதிரே இல்லாமல் இருந்தால் நல்லது என்ற எண்ணமும் இருந்திருக்கும், யார் கண்டது. ஆக, அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகாத துக்கக் காலத்தில் எடுத்த படம் இது. 'பணக்கார வீட்டுப் பையன் ஜாலியாகப் போயிருக்கிறான்' என்று சொல்கிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். ஜாலியும் இருந்தது, அது அப்புறம் வருகிறது.

கூடப் போனவர்கள் எல்லாம் காவலுக்கும் கண்காணிப்புக்கும் ஆனவர்கள். மேற்பார்வைக்கு ஜெனரல் ராபர்ட் புரூஸ். பாடம் சொல்ல ஆர்தர் ஸ்டான்லி என்ற பாதிரியார், திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர். புரூஸுக்கு வழியில் காய்ச்சல் கண்டு, ஊர் திரும்பிய அதே ஜூன் மாதத்தில் இறந்துபோனார். ஸ்டான்லி எகிப்தில் இருந்தபோதே அவருடைய அம்மா இங்கிலாந்தில் தவறிவிட்டார். ராசியான பயணம் என்று சொல்ல முடியாது.

எகிப்து அரபு நாடுதானே? 'ஆப்பிரிக்கச் சின்னம்' என்று ஏன் சொல்கிறீர்கள்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சினாய் மட்டும் ஆசியாவில் சேரும். மற்றபடி எகிப்து இருப்பது ஆப்பிரிக்காவில்தான், நைல் வருவதும் ஆப்பிரிக்காவின் உள்ளே இருந்துதான். பிரமிடுகூட எகிப்தின் தனிச்சொத்து இல்லை. தெற்கே சூடானில் குஷ் அரசர்கள் கட்டிய பிரமிடுகள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. அங்கே மெரோவே என்ற இடத்தில் கூட்டமாகவே பார்க்கலாம். எகிப்தினுடையதை விடச் சின்னது, கூர்மையானது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பெரிதாக ஏதாவது நின்றால் அதை வேறு யாரோ கட்டியிருக்க வேண்டும் என்று நினைக்கிற பழக்கம். ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கும் மகா ஜிம்பாப்வே கற்சுவர்களுக்கும் இதுதான் நடந்தது. காரை இல்லாமல் கல்லை அடுக்கியே எழுப்பிய அந்தச் சுவர்களைக் கட்டியது ஷீபா ராணி ஆட்கள், ஃபினீசியர்கள் என்று வெள்ளைக்காரர்கள் கதை கட்டினார்கள். 1905-ல் டேவிட் ராண்டால்-மக்கீவரும், 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் தோண்டிப் பார்த்து, உள்ளூர் ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்று சொன்ன பிறகும் குடியேற்ற அரசு அந்தக் கதையை விடவில்லை. 1980-ல் விடுதலை பெற்ற நாடு அந்தச் சுவர்களின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. சரி, படத்துக்குத் திரும்புவோம்.

அந்தக் காலத்தில் எப்படி எடுத்தார்கள்? 'கிளிக்' பண்ணினால் போதுமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருப்பேன்.

அது ஈரத்தட்டு முறை. பிலிம் கிடையாது, கண்ணாடிதான் பிலிம். பெட்ஃபோர்டின் கண்ணாடி ஏறக்குறைய 10-க்கு 12 அங்குலம், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். பெரிதாக்கி அச்சிடுவது அப்போது சுலபம் இல்லை என்பதால் படம் என்ன அளவில் வேண்டுமோ அதே அளவில் கண்ணாடி வேண்டும். கண்ணாடி பெரிதானால் கேமராவும் பெட்டி மாதிரி பெரிதாகும்.

முதலில் கொலோடியன். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பாகு மாதிரி ஒன்று வரும், அதில் அயோடைடு உப்பு சேர்த்திருப்பார்கள். கண்ணாடியை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, நடுவில் அதை ஊற்றி, தோசைக் கரண்டி இல்லாமல் தோசை வார்க்கிற மாதிரி கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்தே நாலு மூலைக்கும் ஓட விட வேண்டும். மிச்சத்தைக் கடைசி மூலை வழியாகக் குப்பியில் வடிக்க வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் அது படத்தில் கரும்புள்ளியோ வெள்ளைப்புள்ளியோ ஆகிவிடும். பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம் முக்க வேண்டும். இப்போதுதான் தட்டுக்கு ஒளி உணர்வு வரும். ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சம் படாத உறையில் போட்டு, கேமராவுக்கு ஓடி, மூடியைத் திறந்து, நொடிகளை எண்ணி, மூடி, திரும்பக் கூடாரத்துக்கு ஓடி, இரும்புச் சல்பேட்டு கரைசலை ஊற்றிப் படத்தை வரவழைத்து, கழுவி, நிலைநிறுத்தி, மறுபடி கழுவி, காயவைத்து, வார்னிஷ் பூச வேண்டும். இதில் படத்தை வரவழைக்கிற வரைக்கும் எல்லாம் தட்டு காய்வதற்குள் நடக்க வேண்டும். காய்ந்துவிட்டால் உணர்வு போய்விடும்.

இங்கிலாந்தின் குளிரில் இதற்குப் பத்து நிமிடம் போல அவகாசம் கிடைக்கும். எகிப்தில்? ஈதர் கொதிக்கிற வெப்பமே சுமார் 35 டிகிரிதான். அதாவது நம் ஊர்ப் பங்குனி வெயிலில் குப்பியைத் திறந்து வைத்தாலே ஆவியாகப் போய்விடும். இதோடு மணல் காற்று. கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், பாலைவனத்தில் அதையும் சுமந்து வர வேண்டும். கூடாரத்துக்குள் ஈதர் வாடையில் தலை சுற்றும். விரல்கள் வெள்ளி நைட்ரேட் பட்டுக் கறுத்துக் கிடக்கும். இவ்வளவையும் அவர் அரசகுடும்பப் பயணத்தின் வேகத்துக்கு ஈடு கொடுத்துச் செய்தார். 'கொஞ்சம் பொறுங்கள், தட்டு காய்ந்துவிட்டது' என்று வருங்கால மன்னரிடம் எத்தனை தடவை சொல்ல முடியும்?

இப்போது படத்தைத் திரும்பப் பாருங்கள். ஒட்டகம் சொன்னபடி நிற்கிற பிராணி இல்லை. வரிசையாக நிறுத்தி, சில நொடிகள் அசையாமல் வைத்து, அந்தச் சில நொடிகள் தட்டு ஈரமாக இருக்கிற நேரத்தில் அமைந்திருக்கின்றன.

வானம் ஏன் வெறும் வெள்ளையாக இருக்கிறது? மேகமே இல்லையா?

அந்தக் காலத் தட்டு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மசியும். தரை சரியாக விழுகிற நேரத்துக்குள் வானம் வெந்துபோய்விடும். அதனால் பலர் மேகங்களைக் கண்ணாடியின் பின்னால் தூரிகையில் வரைந்துகொண்டார்கள். பெட்ஃபோர்டும் அதில் கைதேர்ந்தவர். 'போட்டோவில் எடிட்டிங் இப்போதுதான் வந்தது' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

யாருமே சிரிக்கவில்லையே?

ஒட்டகத்தின் மேல் அசையாமல் உட்கார்ந்து நீங்கள் சிரித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

இளவரசர் பிரமிடில் ஏறினாரா?

ஏறினார். முந்தின இரவு அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கி, விடியுமுன் பெரிய பிரமிடில் ஏறியிருக்கிறார். அப்போது பயணிகள் எல்லாரும் ஏறுவார்கள், இப்போது சட்டப்படி தடை.

கூபு மன்னர் காலத்தில், சுமார் கி.மு. 2560-ல் கட்டி முடித்தபோது அதன் உயரம் 146 மீட்டருக்கு மேல். உச்சிக் கற்கள் போய், இன்று 138 மீட்டர் சொச்சம். ஏறுவதற்குப் படி என்று எதுவும் கட்டவில்லை. வழவழப்பான மேலுறைக் கற்களை இடைக்காலத்தில் பெயர்த்துக் கெய்ரோவில் கட்டடம் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள், அதனால் உள்ளே இருந்த பாறைகள் படி மாதிரி வெளியே தெரிகின்றன. ஒவ்வொன்றும் இடுப்பளவு, சில இடத்தில் நெஞ்சளவு. பக்கத்தில் காஃப்ரே பிரமிடின் உச்சியில் மட்டும் பழைய உறை தொப்பி மாதிரி மிச்சம் இருக்கிறது.

அன்றைக்குக் கீசா போவதே ஒரு நாள் வேலை. கெய்ரோவில் நைலுக்குக் குறுக்கே பாலம் கிடையாது, படகில் கடந்து, அப்புறம் கழுதையோ ஒட்டகமோ. பிரமிடு வரைக்கும் நல்ல சாலை போட்டதே 1869-ல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களுக்காக. ஸ்பிங்க்ஸ் தோள்வரை மணலில் புதைந்து கிடந்தது. அதன் உடம்பை முழுதாக வெளியே எடுத்தது 1920-களிலும் 30-களிலும்தான்.

அவருக்கு இந்த இடிபாடுகளில் உண்மையிலேயே ஆர்வம் இருந்ததா?

சுமார்தான். நைலில் நீராவிப் படகில் போகும்போது முதலைக்கும் பறவைக்கும் துப்பாக்கி தூக்கியதில் இருந்த உற்சாகம் கோயில் பார்ப்பதில் இல்லை என்று கூடப் போன ஸ்டான்லிக்கே ஆரம்பத்தில் வருத்தம். அப்போது பிரபலமாக இருந்த ஒரு விறுவிறுப்பான நாவலை இளவரசர் விழுந்து விழுந்து படித்து, பாதிரியாரையும் படிக்க வைத்து, அதில் கேள்வி கேட்டுப் பரீட்சை வைத்தார் என்பது இந்தப் பயணத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சரித்திரப் பேராசிரியரைக் கூட அனுப்பிய அப்பா இருந்திருந்தால் நொந்துபோயிருப்பார். போகப் போக ஸ்டான்லிக்கும் பையன் மேல் நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது.

ஆர்வம் இல்லாதவர் என்று ஒரேயடியாகவும் தள்ள முடியாது. பழம்பொருட்கள் சிலவற்றை வாங்கிக்கொண்டு போனார், அவற்றில் ஒரு பாப்பிரஸ் சுருளும் உண்டு. அப்போது அதெல்லாம் பெருமைக்குரிய காரியம். இன்றைக்கு விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

இந்த ஒரு படம்தானா? வேறு என்ன எடுத்தார்?

மார்ச் மாதம் முழுவதும் எகிப்தில் மேலும் கீழும் போனார்கள். நைலில் தெற்கே அஸ்வான், பிலே தீவு வரை. திரும்பும் வழியில் எட்ஃபு, லக்சர், கர்னாக், டெண்டேரா. அப்புறம் பாலஸ்தீனம். ஹெப்ரோனில் ஆபிரகாம் அடக்கமான இடம் என்று யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரும் போற்றும் தலத்துக்குள் நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்களை அனுமதித்ததில்லை. இளவரசருக்கு அது திறந்தது, ஆனால் கேமராவுக்குத் திறக்கவில்லை. டமாஸ்கஸ், பெய்ரூட், கான்ஸ்டான்டிநோபிள், ஏதென்ஸ் முடித்து ஜூனில் ஊர் திரும்பினார்கள். ஜூலையிலேயே லண்டன் நியூ பாண்ட் தெருவில் 172 படங்களைக் கண்காட்சியாக வைத்துவிட்டார்கள்.

எனக்குக் கர்னாக் படங்களும் பிலே படங்களும்தான் உயிர். காரணம் சொல்கிறேன்.

கர்னாக்கில் ஆமூன் கோயிலின் பெரிய தூண் மண்டபத்தில் 134 தூண்கள். நடுவில் இரண்டு வரிசையாக நிற்கும் 12 தூண்கள் மட்டும் சுமார் 21 மீட்டர், ஏழு மாடி உயரம். சேத்தி மன்னரும் அவர் மகன் இரண்டாம் ராம்சேஸும் செதுக்கி முடித்தது. 1899 அக்டோபரில் ஒரு நாள் இந்த மண்டபத்தில் 11 தூண்கள் சரிந்து விழுந்தன. வருடா வருடம் நைல் வெள்ளத்தின் ஈரம் அடியில் ஏறி, உப்புப் பூத்து, கல் அரித்துப்போயிருந்தது. பிறகு பிரெஞ்சுத் தொல்லியலாளர்களின் மேற்பார்வையில் துண்டு துண்டாக எடுத்து நிறுத்தினார்கள். இன்றைக்கு நீங்கள் பார்ப்பது அந்தத் திரும்ப நிறுத்திய மண்டபம். விழுவதற்கு முன்னால் எப்படி நின்றது என்று காட்ட 1862 மாதிரியான படங்கள்தான் சாட்சி.

பிலே இன்னும் பெரிய கதை. அது ஐசிஸ் தெய்வத்தின் கோயில் நின்ற தீவு. 1902-ல் அஸ்வானில் பழைய அணை வந்ததும் வருடத்தில் பல மாதம் கோயில் தண்ணீருக்குள் நின்றது, பயணிகள் தூண்களுக்கு நடுவே படகு விட்டார்கள். பெரிய அணை வந்த பிறகு, 1970-களில் யுனெஸ்கோவின் முயற்சியில் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, பக்கத்தில் அகில்கியா தீவில் திரும்பக் கட்டினார்கள். பெட்ஃபோர்ட் எடுத்த தீவு இன்று தண்ணீருக்கு அடியில். சுவரில் சாய்ந்திருக்கும் மண்மேடு, ஓரத்தில் நிற்கும் பேரீச்சை மரம், கல்லில் விழும் நிழல் எல்லாம் இன்று இருப்பது அந்த மாதிரிப் பழைய படங்களில்தான்.

இளவரசரைக் காட்டத்தான் படம் எடுக்கப் போனார்கள். நூற்றறுபது வருடம் கழித்து, இளவரசரை விரலால் மறைத்துவிட்டு மீதியைத்தான் பார்க்கிறோம்.

அந்த உள்ளூர் ஆட்கள் யார்?

படத்தின் தலைப்பு 'வேல்ஸ் இளவரசரும் குழுவினரும், பிரமிடுகளில்' என்ற மாதிரிதான் போகிறது. ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்தவர்கள் தலைப்பில் இல்லை. கீசாவைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள்தான் அந்தக் காலத்தில் பயணிகளை ஏற்றி இறக்கி, பிரமிடில் கைபிடித்துத் தூக்கிவிட்டுப் பிழைத்தவர்கள். இன்றைக்கும் அங்கே ஒட்டகம் விடுபவர்களில் பலருக்கு அது தலைமுறைத் தொழில்.

அப்போது எகிப்தை ஆண்டவர் சைத் பாஷா. துருக்கி சுல்தானின் பெயரில் ஆண்டாலும் கிட்டத்தட்டத் தனி ராஜ்ஜியம். இளவரசருக்கு நீராவிப் படகு, சமையல், காவல் எல்லாம் அவர் ஏற்பாடு. அதே மாதங்களில் சூயஸ் கால்வாய்க்காகக் கிராமம் கிராமமாக ஆட்களைப் பிடித்துப்போய் ஆயிரக்கணக்கில் மண் வெட்ட வைத்துக்கொண்டிருந்ததும் அவர் அரசுதான். நம் ஊரில் 'வெட்டி' என்று சொன்ன கட்டாய வேலை மாதிரி. இந்தப் படத்தில் அது எதுவும் தெரியாது. ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு பார்த்தால் கயிறு பிடித்த கை கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

நம் ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இழுத்துப் பிடிக்காமலே.

இதே இளவரசர் 1875 டிசம்பரில் இலங்கை முடித்துத் தூத்துக்குடியில் இறங்கி, மதுரை, திருச்சி வழியாகச் சென்னை வந்தார். அவர் வந்த கப்பலின் பெயர் செராபிஸ். அது எகிப்தில் கிரேக்கர்கள் ஆண்ட காலத்துத் தெய்வத்தின் பெயர். செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில் அந்தச் செராபிஸ் கோயிலைத் தோண்டியபோது, இந்தியாவில் செய்த ஒரு பெரிய மண்சாடி கிடைத்தது. உள்ளே ஏழரைக் கிலோ நல்லமிளகு. அங்கேயும் வடக்கே குசேர் அல்-கதீம் துறைமுகத்திலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் 'பானை ஒறி' என்றே எழுதியிருக்கிறது, அதாவது உறியில் தொங்கும் பானை. பிரமிடு நாட்டில் நம் ஆள் பானையில் எழுதி வைத்து இரண்டாயிரம் வருடம் ஆகிறது. ஆகவே 'அங்கே போன முதல் வெளியூர்க்காரர்' என்று யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

புகைப்படத்திலும் ஒரு தொடர்பு. பெட்ஃபோர்ட் எகிப்து போவதற்கு நாலு வருடம் முன்பே, லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் படம் எடுத்துவிட்டார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகிட்ட காகிதம். அதை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப்போகலாம், நம் வெயிலுக்கு அது தோது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, ஒட்டி, நீளச் சுருளாக்கினார். எகிப்துப் படத்தைப் பார்த்து வாய் பிளக்கிற உறவினர்களிடம் இதைச் சொன்னால் 'நம்ம கோயிலா? எங்கே?' என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும்.

மாட்டியிருப்பது மூலப் பிரதியா?

மூலப் பிரதியாக இருந்தால் வாசலில் ஆள் போட்டிருப்பேன். லண்டனில் இருக்கும் அத்தை மகன் சுருட்டிக் கொண்டுவந்த மறு அச்சு. பெட்ஃபோர்டின் அச்சுகள் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கின்றன. 2013-ல் எடின்பரோவிலும் அடுத்த ஆண்டு லண்டனிலும் இந்தப் பயணப் படங்களைத் தனிக் கண்காட்சியாகவே வைத்தார்கள்.

காரைக்குடி பழம்பொருள் கடைத்தெருவில் இந்த மாதிரிப் படம் கண்ணில் பட்டு, 'ஒரிஜினல் சார்' என்று சொன்னால், முதலில் ஒரு பூதக்கண்ணாடியை எடுங்கள். புள்ளி புள்ளியாக வரிசையில் தெரிந்தால் அது புத்தகத்தில் இருந்து கிழித்தது. 1860-களின் அச்சு என்றால் முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாள். புள்ளி தெரியாது, தாளின் நாரே மெலிதாகத் தெரியும். தாள் சுருண்டுவிடும் என்பதால் பெரும்பாலும் கெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் லேசான பளபளப்பு, மயிரிழை வெடிப்பு. வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் பழைய வேட்டி மாதிரி மஞ்சள் அடித்திருக்கும்.

சட்டம் எங்கே போட்டீர்கள்? எங்கள் வீட்டுப் படம் பழுப்பாகிவிட்டதே?

எனக்கும் முதல் தடவை அதுதான் ஆனது. சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடை ஒன்றில் கொடுத்தேன். படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, பின்னால் செய்தித்தாள், அதற்குப் பின்னால் பிளைவுட், சுற்றிப் பழுப்பு டேப். 'பத்து வருஷம் அசையாதுண்ணே' என்றார். எங்கள் வீடு கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரம். ஒரே ஒரு ஐப்பசி மழை, படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் இராமபாணப் பூச்சி மேய்ந்திருந்தது. அந்த நகல் போயே போய்விட்டது. இப்போது இருப்பது இரண்டாவது. அத்தை மகனிடம் மறுபடி கெஞ்சி வாங்கியது.

இந்தத் தடவை காரைக்குடியில் வாங்கிய பழைய தேக்குச் சட்டத்தை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைத்தேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை, அமிலமில்லாதது. அதுதான் முக்கியம், அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். படத்தை அட்டையில் முழுக்க ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு மெல்லிய காகிதக் கீல்கள், மைதாப் பசை போதும். படம் அதில் தொங்க வேண்டும், ஈரத்தில் விரிய, வெயிலில் சுருங்க இடம் இருக்கும். பின்னால் பிளைவுட் வேண்டாம், செய்தித்தாள் கண்டிப்பாக வேண்டாம், அந்த மை, அமிலம் எல்லாம் படத்துக்கு ஏறும். சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். மழை பெய்கிற பக்கத்து வெளிச்சுவர் என்றால் அதில் மாட்டவே மாட்டாதீர்கள், உள்சுவர் பாருங்கள். நேர் வெயிலும் டியூப்லைட்டின் நேர் கீழும் கூடாது.

வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, கழற்றி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். மரத்தூள் கொட்டியிருந்தால் வண்டு.

சட்டத்துக்குப் பின்னால் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறதே?

நான் எழுதியதுதான். பேனாவில் எழுதினால் மை ஊறும், அதனால் பென்சில். நமக்குப் பிறகு எடுத்துப் பார்ப்பவர்களுக்கு 'இதில் தாத்தா யார்' என்ற குழப்பம் வரக் கூடாது அல்லவா. 'கீசா, எகிப்து. 5 மார்ச் 1862. எடுத்தவர் பி. பெட்ஃபோர்ட். மறு அச்சு, விலை மதிப்பு இல்லை. படத்தில்: வேல்ஸ் இளவரசர், கூட வந்தவர்கள், ஒட்டகக்காரர்கள்' என்று எழுதியிருக்கிறேன். கீழே என் மகள் 'ஒட்டகங்கள்' என்றும் சேர்த்திருக்கிறாள்.